தையில் பிறந்த கல்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற சாலையில் மார்கழிக் கடைசியில் ஒரு தரம் போய்ப் பாருங்கள். இரண்டு பக்கமும் கரிசல். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் குடித்த ஈரம் கீழே இறங்கி, மேல்மண் வெடிக்கத் தொடங்கியிருக்கும். குதிரைவாலி அறுத்த தாள் நிற்கும். மல்லிச்செடி பூத்து வாசம் அடிக்கும். அதற்கப்பால் சீமைக்கருவேலங்காடு, எங்கோ ஒரு கரிமூட்டத்தின் புகை. ஏர் ஓட்டினால் கொழுவில் சுண்ணாம்புக்கல் துணுக்குத் தட்டுமே தவிர, ஓர் ஆள் ஏறி உட்காருகிற பாறை கண்ணில் படாது. இந்தக் காட்டில் கருங்கல் என்பது வண்டி கட்டிக் கொண்டுவர வேண்டிய பொருள். அம்மி, ஆட்டுரல், திருகை, கோயில் தூண் எல்லாம் அப்படி வந்தவைதான்.

அவற்றோடு வந்த இன்னொரு கல்லைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அரைக்கவும் ஆகாது, இடிக்கவும் ஆகாது. கும்பிடுகிற கல்லும் இல்லை. வருசத்தில் 360 நாள் மந்தையிலோ, சாவடித் திண்ணைக்குக் கீழேயோ, கோயில் வேப்பமரத்தடியிலோ சும்மா கிடக்கும். மாடு உரசும், பிள்ளைகள் ஏறி வழுக்கும். தை பிறந்தால் மட்டும் ஊர் முழுக்க அதைச் சுற்றி வந்து நிற்கும். இளவட்டக்கல்.

தென்மாவட்டக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வழவழவென்று உருட்டிய முழுக் கருங்கல் அது. பிடிக்கக் காது கிடையாது, விரல் நுழையப் பள்ளம் கிடையாது. பொங்கலன்று, அல்லது அடுத்த நாள், ஊர் இளவட்டங்கள் ஒவ்வொருவராக வந்து அதைத் தூக்கிப் பார்ப்பார்கள். தூக்குவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கல்லை இரண்டு கையாலும் அணைத்து, அடியில் விரலைக் கோக்க வேண்டும். பிறகு முழங்காலுக்கு. முழங்காலிலிருந்து நெஞ்சுக்கு. நெஞ்சில் ஏறும்போதுதான் மூச்சு நிற்கும். பாதிப் பேர் அந்த இடத்தில் விட்டுவிடுவார்கள். நெஞ்சைத் தாண்டினால் தோள். தோளில் நிறுத்தி, நிமிர்ந்து நின்று, முதுகு வழியாகப் பின்னால் உருட்டிவிட்டால் ஆள் ‘கல்லைப் போட்டுவிட்டான்’ என்று அர்த்தம். பேராசிரியர் தொ. பரமசிவன் இந்த வழக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். கல்யாணக்கல் என்றும் இதைச் சொல்வார்கள்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது எங்கள் சித்தப்பா அந்தக் கல்லைப் போட்டதைப் பார்த்தேன். அன்றைக்கு நடந்ததில் இரண்டு அப்படியே நினைவில் நிற்கின்றன. ஒன்று, கல்லைத் தொடுவதற்கு முன்னால் அவர் குனிந்து இரண்டு கை நிறையப் புழுதி அள்ளி, உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை பூசிக்கொண்டது. இன்னொன்று, கல் விழுந்த சத்தம். கரிசல் மண்ணில் கல் விழுந்தால் ‘டங்’ என்று கேட்காது. ‘தொம்’ என்று ஒரே ஒரு அடி, காலுக்குக் கீழே அதிரும். அந்த அதிர்வு அடங்கிய பிறகுதான் ஊர் குலவையிட்டது. சித்தப்பாவின் நெஞ்சில் தோல் வழண்டு, புழுதியும் வேர்வையுமாகக் கறுத்திருந்தது. அப்பத்தா முந்தானையால் துடைத்துவிட்டு, “ஒங்க சீயான் போட்ட கல்லுய்யா இது” என்று தாத்தாவைப் பற்றி என்னிடம் சொன்னாள். அந்த மாசியில் சித்தப்பாவுக்குக் கல்யாணம்.

இந்தக் கல் எப்படிப் பிறந்தது என்பது அன்றிலிருந்தே எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிற கேள்வி. அதற்கு நான் நான்கு பிறப்புகளைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன்.

முதல் பிறப்பு பூமிக்குள். கருங்கல் பாறை கட்டம் கட்டமாக விரிசல் விடும். அந்த விரிசலில் மழைநீர் இறங்கும். ஒரு கட்டத்தின் மூலையை மூன்று பக்கத்திலிருந்து ஈரம் தாக்குகிறது, விளிம்பை இரண்டு பக்கத்திலிருந்து, நடு முகத்தை ஒரு பக்கத்திலிருந்து மட்டும். அதனால் மூலைதான் முதலில் இற்று உதிரும். லட்சக்கணக்கான வருசம் இது நடந்தால் சதுரக் கல் உருண்டையாகிவிடும். ஹம்பியிலும் செஞ்சியிலும் குவிந்து கிடக்கிற உருண்டைப் பாறைகள் எல்லாம் இப்படிச் செதுக்கப்பட்டவைதான், செதுக்கியது தண்ணீர். அந்த வேலையின் மிச்சத்தைக் கல்தச்சர் உளியால் கொத்தி முடித்திருக்கிறார். எங்கள் ஊர்க் கல்லை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் பார்த்தால் அம்மைத் தழும்பு மாதிரி உளி விழுந்த புள்ளிகள் தெரியும். அணைத்து அணைத்து, ஒரு பக்கத்தில் அந்தப் புள்ளிகள் தேய்ந்துவிட்டன.

இரண்டாவது பிறப்பு மனிதக் கையில். கருங்கல் தண்ணீரைப் போல 2.7 மடங்கு கனம். அந்தக் கணக்கில் 60 கிலோ உருண்டையின் குறுக்களவு ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் வரும். 100 கிலோ என்றால் 41. 130 கிலோ என்றால் 45. அதாவது பத்து சென்டிமீட்டர் கூடினால் எடை இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. தள்ளி நின்று பார்க்கிறவனுக்கு இரண்டு கல்லும் அண்ணன் தம்பி மாதிரித்தான் தெரியும். கட்டிப்பிடித்தவனுக்குத்தான் வித்தியாசம் புரியும். 41 சென்டிமீட்டர் உருண்டையைச் சுற்றிவர 130 சென்டிமீட்டர் ஆகிறது. நெஞ்சோடு சேர்த்து அணைக்கிறவனின் விரல்கள் அந்தச் சுற்றைத் தாண்டித்தான் அடியில் போய் ஒன்றையொன்று தொட வேண்டும். கல் பெரிதாகப் பெரிதாக, எவ்வளவு பலம் இருந்தும் கை கோப்பது கடினமாகிவிடும். தராசு இல்லாத ஊரில் இந்தக் கல்லுக்கு எடை நிர்ணயித்தது கையின் நீளம்தான் என்பது என் துணிபு.

மூன்றாவதாக வேலை. டிராக்டரும் மோட்டாரும் வருவதற்கு முந்திய கரிசல் காட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கமலை இறைக்க வேண்டும். பாறை கண்ட கிணற்றைக் கடப்பாரையால் ஆழப்படுத்தி, கல்லைக் கூடையில் மேலே ஏற்ற வேண்டும். களத்தில் கட்டிய மூட்டையை வண்டியில் ஏற்ற வேண்டும். அந்தக் காலத்து மூட்டை நூறு கிலோ. தரையில் கிடக்கிற மூட்டையைத் தனி ஆளாக முதுகுக்கு ஏற்றுகிறவனைக் கவனித்திருக்கிறீர்களா? முதலில் அணைப்பான். முழங்காலில் முட்டுக்கொடுப்பான். நெஞ்சுக்குத் தள்ளுவான். அங்கிருந்து தோளுக்கு. இளவட்டக்கல்லின் வரிசையும் இதேதான். களத்துமேட்டில் தினமும் செய்த வேலையை, காதும் பிடியும் இல்லாத ஒரு உருண்டையில் செய்து காட்டச் சொன்னார்கள்.

இது நம் ஊரில் மட்டும் நடக்கவில்லை. ஐஸ்லாந்தின் மேற்குக் கரையில் ட்ரிட்விக் என்று ஒரு பழைய மீன்பிடித் துறை. அதை ஒட்டிய கடற்கரையில் நான்கு கற்கள் கிடக்கின்றன: 154 கிலோ, 100 கிலோ, 54 கிலோ, 23 கிலோ. அந்தக் காலத்தில் படகில் வேலைக்கு வந்தவன் அவற்றைத் தூக்கிக் காட்ட வேண்டியிருந்தது. பெரியதற்கு ‘முழுப்பலம்’ என்று பெயர், அடுத்ததற்கு ‘அரைப்பலம்’. 54 கிலோவைத் தூக்காதவனுக்குப் படகில் இடம் கிடைக்கவில்லை. கிரேக்கத்தில் ஒலிம்பியாவில் கிடைத்த ஒரு மணற்கல் 143.5 கிலோ. பிபோன் என்பவன் இதை ஒற்றைக் கையால் தலைக்கு மேலே எறிந்தான் என்று அதில் பொறித்திருக்கிறார்கள். கி.மு. ஆறாம் நூற்றாண்டு. நம் கல்லில் யாரும் பெயர் பொறிக்கவில்லை. போட்டவன் பெயர் ஊர் வாயில் இருக்கும் வரை இருக்கும். அப்பத்தா போன பிறகு சீயான் போட்ட கதையைச் சொல்ல எங்கள் வீட்டில் நான் ஒருவன்தான் இருக்கிறேன்.

வேலையும் பலமும் மட்டும் சேர்ந்தால் இளவட்டக்கல் வந்துவிடுமா? வராது. ஆடியில் இந்தக் கல்லை யாரும் தொடுவதில்லை. புரட்டாசியில் விதைப்பு, ஐப்பசியில் களையெடுப்பு, அப்போதும் தொடுவதில்லை. வடகிழக்குப் பருவமழையை நம்பிய காடு இது. மானாவாரிக் காட்டில் தை பிறக்கும்போது குதிரைவாலியும் கம்பும் உளுந்தும் வீட்டுக்கு வந்துவிடும். பருத்தி வெடிக்கவும் மிளகாய் பழுக்கவும் இன்னும் நாள் இருக்கும். அந்த இடைவெளியில் விழுகிறது பொங்கல். ஊரே ஒரே நேரத்தில் கையைக் கழுவிக்கொண்டு உட்காருகிற நாட்கள் அவை. இன்னொன்றையும் கவனியுங்கள். மார்கழியில் நம்மவர்கள் கல்யாணம் பேசுவதில்லை. தை முதல் நாள் அந்தத் தடை விலகுகிறது. பெண் வீட்டார், மாமன் மச்சான், அத்தை மக்கள் எல்லாரும் ஒரே பொட்டலில் கூடி நிற்கிற முதல் நாள் அது. கல்யாணப் பேச்சு திறக்கிற நாளும் கல் தூக்குகிற நாளும் ஒன்றாக இருப்பது தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை. இந்தக் கல்லுக்கு அதுதான் கடைசிப் பிறப்பு, உண்மையான பிறப்பும் அதுதான். எல்லாருக்கும் பொதுவான ஒரு ஓய்வு நாள் வந்து வேடிக்கை பார்த்தபோது, வெறும் உருண்டை இளவட்டக்கல் ஆயிற்று. பெயரில்கூடக் கல்லின் எடை இல்லை, தூக்குகிறவனின் வயதுதான் இருக்கிறது.

இப்படி நினைக்க எனக்குக் கைகொடுத்தது வேறொரு கல் கதை. பாரிசுக்குத் தெற்கே ஃபோன்தேன்ப்ளோ என்று ஒரு காடு. காடு முழுக்க மணற்பாறைகள், ஆள் உயரத்திலும் இரண்டாள் உயரத்திலும். கயிறு கட்டாமல் சின்னப் பாறைகளில் ஏறுகிற ‘பவுல்டரிங்’ என்ற விளையாட்டு தழைத்த இடங்களில் முதன்மையானது அது. ஆல்ப்ஸ் மலையில் ஏறப் பழகுவதற்காக அங்கே போகத் தொடங்கியவர்கள், பிறகு அந்தப் பாறைகளுக்காகவே போனார்கள். நகரத்துத் தொழிலாளிக்கும் குமாஸ்தாவுக்கும் அது எப்படிச் சாத்தியமாயிற்று? பிரான்சில் 1906ஆம் ஆண்டுதான் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு சட்டமானது. 1936இல் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை வந்தது. ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிக் காட்டுக்குப் போய், பாறையடியில் கட்டுச்சோற்றைப் பிரித்து, ஒருவன் ஏறும்போது மற்றவர்கள் கீழே கையை நீட்டிக்கொண்டு நின்று, விழுந்தவனைத் தூக்கிவிட்டுச் சிரித்து, மாலை ரயிலில் திரும்பினார்கள். அந்தக் கூட்டத்திலிருந்துதான் பியேர் அலேன் என்பவர் பாறைக்கென்றே ரப்பர் அடி வைத்த செருப்பைச் செய்தார். 1947இல் பாறைகளில் வழிக்குறி தீட்டி, ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும் சுற்று ஒன்றை அமைத்தார்கள். கையில் வேர்வை வழுக்காமல் இருக்க அவர்கள் பைன் மரப் பிசினைத் துணியில் கட்டித் தட்டிக்கொண்டார்கள். அமெரிக்காவில் ஜான் கில் என்ற இளைஞர் 1950களில் ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்களின் வெள்ளைப் பொடியைப் பாறைக்குக் கொண்டுவந்தார். அதைப் படித்தபோது சித்தப்பா முழங்கை வரை பூசிய கரிசல் புழுதிதான் என் கண்முன் வந்து நின்றது.

இன்று நம் பக்கத்திலேயே ஹம்பியில் அந்தக் கூட்டத்தைப் பார்க்கலாம். மார்கழி, தை மாதக் குளிரில் முதுகில் தடித்த மெத்தையைக் கட்டிக்கொண்டு துங்கபத்திரைக் கரையில் நடப்பார்கள். பெங்களூர்ப் பிள்ளைகளும் ஐரோப்பியரும் ஒரே பாறையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். 2003இல் வந்த ‘பில்கிரிமேஜ்’ என்ற படத்தில் பாறையேற்ற வீரர் கிறிஸ் ஷர்மா அங்கே ஏறியதைப் பார்த்து வந்தவர்கள் ஏராளம். முன்பின் தெரியாதவன் ஏறும்போதும் மெத்தையை இழுத்துச் சரியான இடத்தில் போட்டுவிட்டுக் கை நீட்டி நிற்பார்கள். “இடது காலை இன்னும் மேலே வை” என்று கீழிருந்து ஒரு குரல் வரும். நம் மந்தையில் “இடுப்பை உள்ள குடுடா” என்று வருகிற அதே குரல்தான்.

பாரிஸ்காரர்களுக்குப் பாறை இருந்தது. விடுமுறை கிடைத்ததும் பாறையைத் தேடிப் போனார்கள். கரிசல்காட்டுக்காரனுக்கு விடுமுறை இருந்தது, பாறை இல்லை. அதனால் ஒரு கல்லை வண்டியேற்றித் தன் விடுமுறைக்குக் கொண்டுவந்தான். அங்கே கல் அசையாமல் நிற்க, மனிதன் அதன்மேல் ஏறுகிறான். இங்கே மனிதன் அசையாமல் நிற்க, கல் அவன்மேல் ஏறுகிறது: முழங்கால், நெஞ்சு, தோள், முதுகு.

எல்லா ஊரிலும் இந்தக் கல் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். மந்தை யாருடையது, கல் எந்தத் தெருவில் கிடக்கிறது என்பதைப் பொறுத்து அதைத் தொட்ட கைகளும் அமைந்தன. பெண்கள் வெகுகாலம் வேடிக்கை பார்க்கிற பக்கத்தில்தான் நின்றார்கள். திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் இன்று அந்தக் கோடு அழிந்திருக்கிறது. 45 கிலோவில் தொடங்கி 129 கிலோ வரை வரிசையாகக் கல் வைத்திருக்கிற ஊர் அது. பொங்கல் போட்டியில் ஆண்களைப் போலவே பெண்களும் இறங்கி, இளவட்டக்கல்லையும் உரலையும் தூக்குகிறார்கள். மாப்பிள்ளைக்கு வைத்த பரீட்சையை எழுத அந்தப் பெண்களும் வந்துவிட்டார்கள். எனக்கு அதில் அளவில்லாத மகிழ்ச்சி.

நம் பக்கத்தில் கல் மெல்ல மெல்ல ஊரின் நினைவிலிருந்து நழுவியது. மூட்டை 50 கிலோவாகச் சுருங்கியது. கிணறு தோண்ட இயந்திரம் வந்தது. இளவட்டங்கள் மில்லுக்கும் திருப்பூருக்கும் துபாய்க்கும் போனார்கள். ஜல்லிக்கட்டுக் காளைக்காக 2017 தை மாதம் மெரினா நிரம்பியதை நாம் எல்லாரும் பார்த்தோம். காளையைத் தழுவியதும் கல்லைத் தழுவியதும் ஒரே பொங்கலில், ஒரே மாதிரிக் கைகளால்தான். ஆனால் கல்லுக்காகக் குரல் கொடுக்க ஆளில்லை. எங்கள் ஊரில் தெருவுக்குச் சிமெண்டு போட்டபோது வேலைக்கு வந்தவர்கள் கல்லை நகர்த்தவில்லை. அதைச் சுற்றியே கலவையைக் கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள். கல்லின் மேல் பாதி மட்டும் சாலையோரத்தில் வழுக்கைத் தலை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. பல வருசம் அப்படியே கிடந்தது. நானும் ஊருக்குப் போகும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் போனேன், ஒன்றும் செய்யாமல்.

இரண்டு பொங்கலுக்கு முன்னால் திருப்பூரிலிருந்து வந்த நாலைந்து பையன்கள்தான் கடப்பாரை எடுத்தார்கள். பாதி நாள் ஆயிற்று. சிமெண்டை உடைத்து, நெம்பி, வடக்கயிறு போட்டு இழுத்து மந்தைக்கு உருட்டினார்கள். மண்ணுக்குள் இருந்த பாதி ஈரமாக, கறுப்பாக, புதுக்கல் மாதிரி இருந்தது. விழுகிற இடத்தில் மணல் கொட்டி வைக்கோல் பரப்பச் சொன்னோம். இடுப்பு பிடித்து, குடல் இறங்கி, கல்லால் வாழ்க்கை கெட்டவர்களும் உண்டு. அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

ஜிம்முக்குப் போகிற பையன் ஒருவன்தான் முதலில் இறங்கினான். 120 கிலோ கம்பியைத் தரையிலிருந்து எடுக்கிறவன். கல் முழங்கால் வரைகூட வரவில்லை. விரல் வழுக்கி வழுக்கி விட்டது. மூன்றாம் தரம் விட்டபோது திண்ணையில் உட்கார்ந்திருந்த சித்தப்பா எழுந்து வந்தார். இப்போது அவருக்கு எழுபது ஆகிறது.

“கம்பியில புடி இருக்கும்டா. இதுல என்னத்தப் புடிப்ப? கையால தூக்காத. கட்டிக்க. பச்சப்புள்ளயத் தூக்குற மாதிரி நெஞ்சோட ஒட்டிக்க. அப்புறம் காலு பாத்துக்கும்.”

“வழுக்குது பெரியப்பா.”

சித்தப்பா கீழே பார்த்தார். காலடியில் சிமெண்டுதான். நாலு எட்டு நடந்து, வேலியோரத்துக் காட்டில் குனிந்து இரண்டு கை நிறையக் கரிசல் புழுதி அள்ளிவந்து, அந்தப் பையனின் கையில் முழங்கை வரை பூசிவிட்டார். பிறகு கல்லுக்கும் பூசினார், உளித் தழும்பு தேய்ந்த அந்தப் பக்கத்தில். பையன் மறுபடி குத்துக்காலிட்டான். கல் முழங்காலில் ஏறியது. மந்தை பேச்சை நிறுத்தியது. நெஞ்சுக்கு வரும்போது அவன் கண் இறுக மூடியிருந்தது, உதடு கல்லில் பட்டிருந்தது. அங்கேயே நின்றான், ஒரு நீண்ட மூச்சு. தோளுக்கு ஏறவில்லை. மெல்ல இறக்கினான்.

“நெஞ்சு வரைக்கும் வந்துட்டு. அடுத்த பொங்கலுக்கு வாடா” என்றார் சித்தப்பா.

பையன் லீவு சொல்லிவைக்க வேண்டிய தேதியை அப்போதே செல்போனில் குறித்துக்கொண்டான்.